உட்கார ஓர் இருக்கை: பணியிடச் சமத்துவத்தை வகுப்பறையில் கற்பித்தல்

‘சம வாய்ப்பு’ என்று கரும்பலகையில் எழுதியதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது வேலைக்குச் சேர்வதுதான். எல்லாரும் விண்ணப்பிக்கலாம், எல்லாரும் தேர்வு எழுதலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம். அரசமைப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, 39ஆம் பிரிவு என்று குறித்துக்கொண்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். வேலையில் சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது? பகல் முழுவதும் அந்த இடத்தில் ஒருவரால் உட்கார முடிகிறதா, தண்ணீர் குடிக்க முடிகிறதா, கழிப்பறைக்குப் போக முடிகிறதா, மேற்பார்வையாளர் அவரிடம் எப்படிப் பேசுகிறார்? இவை பாடத்தில் பெரும்பாலும் வருவதில்லை. ஆனால் 42ஆம் பிரிவு இதைப் பற்றியதுதான். நியாயமான, மனிதத்தன்மையுள்ள பணிச்சூழலுக்கும் மகப்பேறுக்கால உதவிக்கும் அரசு வழிசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது.

இந்தப் பிரிவை எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை விளக்குவதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது: கடைப் பணியாளர்களின் உட்காரும் உரிமை. நம் பிள்ளைகளில் பலருடைய அம்மாவோ அக்காவோ ஏதோ ஒரு கடையில் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதால் இதற்குத் தனியாக ஆர்வமூட்டல் தேவைப்படாது. தொடக்க வகுப்புகளுக்கும் இதைச் சுருக்கி எடுத்துச் செல்லலாம். அதைப் பின்னர் சொல்கிறேன்.

சட்டம் வந்த வழி

2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்ப்பதற்கான திருத்தம் சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பணியாளர்கள் அனைவருக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்பு நேரும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வேலை நேரம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும் நிலை தவிர்க்கப்பட வேண்டும். பிரிவின் சாரம் இவ்வளவுதான். மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினால் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதோடு சேர்த்து இன்னொரு சட்டத்தையும் காட்டுங்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றபடி வேலை செய்ய வேண்டிய தொழிலாளர்களுக்கு இருக்கை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. இரண்டின் சொற்களும் ஏறக்குறைய ஒன்றே. ஆலைத் தொழிலாளிக்கு 1948இல் எழுதப்பட்ட இருக்கை, கடைப் பணியாளருக்கு 2021இல் எழுதப்பட்டது. இடையில் எத்தனை ஆண்டு என்று கேட்டால் 73 என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். ஏன் 73 ஆண்டு என்று கேட்டால் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். அந்த அமைதியை நாமே பேசிக் கலைத்துவிடாமல் இருப்பது நல்லது.

என் வகுப்பில் வந்த விடைகளில் ஒன்று: “ஆலையில மெஷின் ஓடும் சார், அது வேலைன்னு தெரியும். கடையில ஃபேன், லைட்டு, ஏசி எல்லாம் இருக்கு. கஷ்டம்னு யாருக்கும் தோணாது.” இதைவிடத் தெளிவாக ஒரு பாடநூல் சொல்லிவிட முடியாது. இன்னொரு காரணத்தைப் பெரும்பாலும் நாம்தான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கும். வாடிக்கையாளர் முன்னால் நிற்பதை மரியாதை என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. விற்பவர் உட்கார்ந்திருந்தால் ‘என்ன கடை இது’ என்று முகம் சுளிப்பவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். முதலாளியை மட்டும் குற்றம் சொல்லி இந்தப் பாடத்தை முடித்துவிட முடியாது.

திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கவில்லை. கேரளம் 2018இல் தன் சட்டத்தைத் திருத்தி இந்த உரிமையை முதலில் தந்தது. அதற்குப் பின்னால் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களின் பல ஆண்டுப் போராட்டம் இருந்தது. தையல் தொழிலாளியான விஜி முன்னின்று உருவாக்கிய ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு அந்தப் பெண்களைத் திரட்டியது. அவர்கள் முதலில் கேட்டது நாற்காலியை அல்ல, கழிப்பறையை. கடையில் கழிப்பறை இல்லாததால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்து, அதனால் நோய்ப்பட்ட பெண்களின் கதையிலிருந்துதான் இது வளர்ந்தது. பிபிசி 2018ஆம் ஆண்டு வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் பெரிய துணிக்கடைப் பணியாளர்களின் வாழ்க்கையைப் பலர் முதன்முதலாகத் திரையில் பார்த்தது 2010இல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தில். மாணவர்களில் சிலர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்.

நேரம் இருந்தால் இன்னும் பின்னால் போகலாம். பிரிட்டனில் 1899லேயே கடை உதவியாளர்களுக்கு இருக்கை தரும் ஒரு சட்டம் வந்தது. மூன்று பெண் பணியாளர்களுக்குக் குறைந்தது ஓர் இருக்கை என்று அது கணக்குச் சொன்னது. ஆண்களுக்கு இல்லை. தமிழ்நாட்டுத் திருத்தம் ‘அனைவருக்கும்’ என்கிறது, ஆனால் எண்ணிக்கை சொல்லவில்லை. இரண்டில் எது நல்ல சட்டம்? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு பாடவேளையை நடத்தலாம். ‘மூணு பேருக்கு ஒண்ணுன்னா மத்த ரெண்டு பேரு?’ என்பார்கள். ‘எண்ணிக்கை சொல்லலேன்னா ஒரு ஸ்டூல் போட்டுட்டு போட்டாச்சுன்னு சொல்லிடுவாங்க’ என்றும் சொல்வார்கள். ‘ஆம்பளைக்குக் கால் வலிக்காதா?’ என்று ஒரு பையன் கட்டாயம் கேட்பான். சமத்துவம் என்றால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவதா, தேவையறிந்து நடத்துவதா என்ற விவாதம் அங்கே தானாகவே வந்துவிடும்.

இருக்கைக்கு நம் நாட்டில் வேறொரு பொருளும் உண்டு. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவுசெய்த நாடு இது. சிறுவன் அம்பேத்கர் பள்ளியில் மற்றவர்களோடு சேர்ந்து உட்கார முடியாமல், வீட்டிலிருந்து எடுத்துவந்த சாக்கில் தனியாக உட்கார்ந்ததும், அந்தச் சாக்கைப் பள்ளிப் பணியாளர் தொடமாட்டார் என்பதால் மாலையில் அதை வீட்டுக்கே எடுத்துச்சென்றதும் அவர் எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. இது பழைய கதை என்று மாணவர்கள் சொன்னால், 2020இல் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி மன்றத் தலைவர் தம் மன்றக் கூட்டத்திலேயே தரையில் உட்காரவைக்கப்பட்ட செய்தியைச் சொல்லலாம். நாற்காலி என்பது நாற்காலி மட்டும் அல்ல என்பதை விளக்க இதற்குமேல் தேவையில்லை. இந்தப் பகுதியைச் சுருக்கமாக, வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையும் கூனிக் குறுகாதபடி நடத்துவது நம் பொறுப்பு.

உடம்பு சொல்வது

அறிவியல் ஆசிரியருடன் சேர்ந்து நடத்தக்கூடிய பகுதி இது. இதயத்திலிருந்து கால்வரை இறங்கும் இரத்தம் மீண்டும் மேலே ஏற வேண்டும். புவியீர்ப்புக்கு எதிராக அதை ஏற்றிவிடுவதில் கெண்டைக்கால் தசைக்குப் பெரும் பங்கு உண்டு. நடக்கும்போது தசை சுருங்கி விரிந்து சிரைகளை அழுத்துகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் இரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கின்றன. அசையாமல் மணிக்கணக்கில் நிற்கும்போது தசைக்கு வேலை இல்லை. இரத்தம் காலிலேயே தேங்குகிறது, கால் வீங்குகிறது. இது ஆண்டுக்கணக்கில் தொடரும்போது வால்வுகள் பலவீனப்பட்டுச் சிரைகள் புடைத்துச் சுருண்டுகொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. ஊரில் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்கிறோம், மருத்துவமனையில் ‘வெரிகோஸ்’ என்கிறார்கள். சுருண்டது நரம்பு அல்ல, சிரை என்பதைத் திருத்திச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நடப்பதைவிட அசையாமல் நிற்பது கடினம் என்பதைப் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தாங்களே கண்டுபிடிப்பார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் பத்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்கட்டும். மற்றவர்கள் அவர்கள் எத்தனை முறை காலை மாற்றினார்கள், எதில் சாய்ந்தார்கள் என்று எண்ணட்டும். உடல்நலம் குன்றிய பிள்ளைகளையும் காலையில் சாப்பிடாமல் வந்தவர்களையும் இதில் சேர்க்க வேண்டாம். பிறகு கணக்கு: கடைகள் சட்டப்படி வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணி, தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். 8 மணி நேரத்தில் எத்தனை பத்து நிமிடங்கள்? 48. வாரத்தில் 6 நாள் என்றால் 288.

நின்று வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் துன்பம் என்று பாடம் சாய்ந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பீடி சுற்றுபவருக்கும் பனியன் கம்பெனித் தையல்காரருக்கும் உட்கார்ந்தே இடுப்பு போகிறது. உடம்புக்கு வேண்டியது நிலையை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு.

வகுப்பில் நடத்தும் முறை

முதல் நாள் ஒரு கட்டம் வரையச் சொல்லுங்கள். மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஐந்து வேலைகளை எழுத வேண்டும். துணிக்கடை, பேருந்து நடத்துநர், பெட்ரோல் பங்க், சித்தாள், செவிலியர், எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு செய்திகள்: நின்றா உட்கார்ந்தா செய்யும் வேலை, உட்கார இடம் இருக்கிறதா, எப்போது உட்காரலாம், உட்கார்ந்தால் யார் என்ன சொல்வார்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு மறுநாள் நிரப்பி வரட்டும். கடையின் பெயரோ பெற்றோரின் பெயரோ கட்டத்தில் வரக்கூடாது என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். கட்டங்களைச் சுவரில் ஒட்டவும் வேண்டாம். ஒரு பிள்ளை எழுதியது கடை உரிமையாளர் காதுக்குப் போய் வேலைக்கே சிக்கல் வந்தால், அதற்கு எந்தக் கற்றல் விளைவும் ஈடாகாது. உரிமையாளரின் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்காவது கேள்விக்கான விடைகள்தான் பாடத்தின் உயிர். ஒரு மாணவி எழுதி வந்தது: “ஸ்டூல் இருக்கு. கஸ்டமர் இல்லாதப்ப உட்காரலாம். ஆனா கஸ்டமர் இல்லாதப்ப துணி மடிக்கணும். மடிச்சு முடிச்சாலும் கேமராவுல பாத்துட்டு மைக்குல கூப்பிடுவாங்க.” சட்டம் சொல்லும் ‘வாய்ப்பு நேரும்போது’ என்ற இரண்டு சொற்களை இந்த நான்கு வரிகள் கரும்பலகைக்கு இழுத்து வந்துவிட்டன. வாய்ப்பு நேர்ந்துவிட்டது என்று யார் முடிவுசெய்வது? பணியாளரா, மேற்பார்வையாளரா? இருக்கை போடுவது ஒரு நாள் செலவு. அதில் உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்று நினைக்காமல் இருப்பதற்கு நாள்தோறும் பழக வேண்டியிருக்கிறது. பணியிடச் சமத்துவம் சிக்கலாவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான். மகப்பேறு விடுப்பு சட்டத்தில் இருக்கும். திரும்பி வருபவரை ‘ஜாலியா இருந்துட்டு வந்தாச்சா’ என்று வரவேற்பவர்களும் அதே அலுவலகத்தில் இருப்பார்கள்.

அடுத்த வகுப்பில் மூன்று குழுக்களாகப் பிரித்து ஒரு கடைக்கான விதியை எழுதச் சொல்லலாம். கடையில் 20 பேர் வேலை செய்கிறார்கள், இடம் குறுகல், மாத வாடகை அதிகம். உரிமையாளர் குழு, பணியாளர் குழு, வாடிக்கையாளர் குழு. உரிமையாளர் குழுவைக் கேலிக்குரியதாக ஆக்கிவிடாதீர்கள். 10 அடி அகலக் கடையில் 20 நாற்காலி போட முடியாது என்பது உண்மையான சிக்கல்தான். சுவரில் மடக்கி வைக்கும் பலகை, சாய்ந்துகொள்ளும் உயரமான ஸ்டூல், மணிக்கு இத்தனை பேர் என்று முறை வைப்பது என்று பிள்ளைகள் தாங்களே வழி கண்டுபிடிப்பார்கள். தமிழ்ப் பாடத்தில் இதையே தொழிலாளர் துறைக்கு எழுதும் விண்ணப்பக் கடிதமாக மாற்றலாம்.

தொடக்க வகுப்புகளில் சட்டம், ஆண்டு எதுவும் வேண்டாம். ‘உங்க வீட்ல கடைசியா உட்கார்ந்து சாப்பிடுறது யாரு?’ என்று மட்டும் கேளுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைந்து தருவார்கள். பெரும்பாலான படங்களில் அம்மா நின்றுகொண்டிருப்பார்.

நம் பள்ளியும் ஒரு பணியிடம்

இந்தப் பாடத்தை நடத்தினால் நம் பக்கமும் கேள்வி வரும், வர வேண்டும். பள்ளி நமக்குப் பணியிடம். ஆசிரியர், தூய்மைப் பணியாளர், சத்துணவு அமைப்பாளர், சமையலர், காலை உணவு சமைக்க வரும் மகளிர் சுய உதவிக் குழுவினர் எனப் பலருக்கு அது பணியிடம். இவர்களில் யாருக்கு உட்கார இடம் இருக்கிறது என்று மாணவர்களையே எண்ணச் சொல்லலாம்.

ஆசிரியரின் நாற்காலியைப் பற்றியும் ஒரு சொல். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் பாடம் நடத்தவில்லை என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. பார்வையிட வருபவரின் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றுகொள்ளும் பழக்கம் யாருக்குத்தான் இல்லை? எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் இதற்கு நேர்மாறு. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து எழ வேண்டும். பணி ஓய்வை நெருங்கும், மூட்டு வலியுள்ள ஆசிரியருக்கு அதுவே பெரும்பாடு. அவருக்கு ஒரு குட்டை ஸ்டூல் போதும். கேட்கத்தான் கூச்சம். தலைமையாசிரியர் தாமாகவே கேட்டுவிட்டால் அந்தக் கூச்சம் பாதியாகக் குறையும்.

மாற்றுத்திறனாளி ஆசிரியர் இருக்கும் பள்ளியில் இது இன்னும் கூர்மையான கேள்வி. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீட்டைத் தந்தது. அதோடு நிற்கவில்லை. ஒருவருடைய தேவைக்கேற்ற நியாயமான மாற்றத்தைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது. ஊன்றுகோலுடன் நடக்கும் ஆசிரியரின் வகுப்பு மாடியில் இருந்தால், அந்தப் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது கால அட்டவணையில் ஒரு கோடு போடும் வேலை. அதைச் சலுகை என்று சொல்லும்போதே நாம் சட்டத்தை விட்டு விலகிவிடுகிறோம். பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இங்கே நினைவூட்ட வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். இரண்டு மூன்று ஆசிரியர்கள் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளியில் பணியாற்றும் ஒரு பெண், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் நேரடியாகப் புகார் தரலாம் என்பது அவ்வளவாகத் தெரிந்திருக்கவில்லை. புகார் தருவதற்கான காலம் 3 மாதம். தக்க காரணம் இருந்தால் குழு அதை மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். ஆசிரியர் அறையில் ஒட்டிவைக்க வேண்டிய செய்தி இது.

எங்கள் பள்ளியில் மாணவர்கள் எடுத்த கணக்கெடுப்பில் தலைமையாசிரியர் அறையில் 6 நாற்காலிகள், ஆசிரியர் அறையில் 9, சமையலறையில் ஒன்றுமில்லை என்று வந்தது. கட்டத்தில் அந்த இடத்தில் பூச்சியம் போட்டுச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை வைத்தோம். பெற்றோர் ஒருவர் இரண்டு ஸ்டூல் வாங்கித் தந்தார். அடுத்த வாரம் அதே மாணவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார்கள்: ஒரு ஸ்டூல்மீது பருப்புச் சம்படம் இருக்கிறது. இன்னொன்றில் பதினோரு மணிக்குச் சமையல் உதவியாளர் அக்கா உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். ‘உட்காருங்கக்கா’ என்று சொன்னோம்.